முப்பதாயிரம் ரூபாய் மடக்குக் கத்தி, நம்ம ஊருக்குத் தாங்குமா?

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் எங்களுக்கு மாவும் எலுமிச்சையுமாகச் சின்னத் தோப்பு இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வரும் மகன், "டைட்டானியம் பிடி போட்ட மடக்குக் கத்தி, முப்பதாயிரம் ரூபாய், ஆயுளுக்கும் உத்தரவாதம், வாங்கி வரட்டுமா?" என்கிறான். இவ்வளவு கொடுத்தால் காலத்துக்கும் உழைக்குமா? இரண்டு மூன்றாயிரத்தில் கிடைப்பது போதாதா?

பதில்: கத்தி உழைக்கும். அதைப் பார்த்துக்கொள்ள நம் பக்கத்தில் ஆள் கிடைப்பாரா என்பதுதான் சிக்கல். தோப்பு வேலைக்கு என்றால் வேண்டாம் என்பேன். ஆசைக்கு என்றால் வாங்குங்கள், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு.

இந்த விலைக் கத்திகளில் பேர் போனது, ஐடஹோ மாநிலத்தில் செய்யப்படும் கிறிஸ் ரீவ் செபன்சா. அங்கேயே 400 டாலருக்கு மேல். தனிப் பூட்டு எதுவும் கிடையாது. டைட்டானியப் பிடியின் ஒரு பக்கமே உள்ளே வளைந்து அலகுக்கு முட்டுக் கொடுத்து நிற்கும். கையில் எடுத்தால் துளி ஆட்டம் இருக்காது. அந்த நேர்த்திக்கு ஒரு விலை, ஸ்டீலுக்கு இன்னொரு விலை. இவ்வகைக் கத்திகளில் அதிகம் புழங்கிய எஸ்30வி ஸ்டீல் 2001-இல் வந்தது. உலோகத்தைப் பொடியாக்கி, அழுத்திச் சேர்த்துச் செய்வது. கார்பன் 1.45 சதவீதம், குரோமியம் 14, வனேடியம் என்ற உலோகம் 4. வனேடியம் கார்பனோடு கூடி மிகக் கெட்டியான துகள்களாக அலகு முழுக்கப் பரவி இருக்கும். பார்சல் அட்டை, தேங்காய்நார்க் கயிறு, பனை ஓலை என்று எதை அறுத்தாலும் கூர் சட்டென்று போகாது.

ஆனால் ஒருநாள் போகும். தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்தால் என்ன ஆகும்? அவர் சக்கரத்தில் இருக்கும் சாதாரண மணலைவிட அந்த வனேடியத் துகள் கெட்டி. கல் பிடிக்காது. பிடிக்கவில்லை என்று அவர் அழுத்துவார், பொறி பறக்கும், அலகின் ஓரம் சூடேறும். ஓரம் நீலம் பாய்ந்தால் பதம் போனது போனதுதான், அந்த அளவுக்கு இரும்பைத் தேய்த்தே தள்ள வேண்டும். சாணைக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் கல்லும் கையும் அரிவாளுக்கும் அரிவாள்மனைக்கும் பழகியவை. தோப்பில் கவாத்துக்கும் கிளை கழிக்கவும் நம் மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாள் இருக்கையில், மடக்குக் கத்தியிடம் அந்த வேலையைக் கேட்பதே தப்பு. இத்தனை கெட்டியான அலகை நெம்பப் பயன்படுத்தினால் நுனி தெறித்துவிடும்.

அடுத்தது உத்தரவாதம். ஆயுள் முழுக்க என்று எழுதியிருப்பது பொருளில், செய்முறையில் உள்ள குறைக்கு மட்டும். தேய்மானம், துரு, தவறான பயன்பாடு, தொலைப்பு எதுவும் அதில் சேராது. குறை இருந்தாலும் கத்தியை அந்த நாட்டுக்கே அனுப்ப வேண்டியிருக்கும். கூரியரில் கத்தியை ஏற்றுவது ஒரு பாடு, திரும்பி வரும்போது சுங்கத்தில் "இது என் பழைய கத்திதான்" என்று நிரூபிப்பது இன்னொரு பாடு. நீங்களே திருகைக் கழற்றிப் பார்த்தால் உத்தரவாதம் செல்லாது என்று சொல்லும் நிறுவனங்களும் உண்டு. நம் வீட்டுப் பாக்குவெட்டியைப் பாருங்கள். இரண்டு கை, நடுவில் ஓர் ஆணி. தளர்ந்தால் கொல்லர் பட்டறையில் ரெண்டு தட்டு, வேலை முடிந்தது. அப்பத்தா காலத்துப் பாக்குவெட்டி இன்றும் ஓடுவது அதனால்தான்.

உங்கள் வேலைக்கு நான் சொல்வது இரண்டு. ஒன்று, பிரான்சின் ஒப்பினெல் 8-ஆம் நம்பர். ஒப்பினெல் கத்திகளை 1890-இலிருந்து செய்கிறார்கள். அலகைப் பூட்டும் வளையம் 1955-இல் சேர்ந்தது. அலகில் 'கார்பன்' என்று பொறித்தது வேண்டாம், எலுமிச்சைச் சாறு பட்டால் கறுத்துவிடும். 'இனாக்ஸ்' என்று பொறித்த துருப்பிடிக்காத ரகத்தை வாங்குங்கள். மரப்பிடி என்பதால் மழையில் நனைந்தால் உப்பி, திறக்கச் சிரமப்படும். காய்ந்ததும் சரியாகும். மற்றொன்று சுவிஸ் விக்டோரினாக்ஸ், ரம்பம் உள்ள மாடல். விரல் தடிமன் கிளையை அழகாக அறுக்கும். அதன் ஸ்டீல் மென்மையானது, கெட்டித்தன்மையை அளக்கும் ராக்வெல் கணக்கில் 56 அளவு. சீக்கிரம் மழுங்கும்தான். வீட்டுச் சாணைக்கல்லில் ஐந்து நிமிஷம் இழுத்தால் கூர் திரும்பிவிடும். தவிர, மடக்குக் கத்தி தேய்ந்து போவதைவிட வாய்க்காலில் விழுந்து தொலைவதுதான் அதிகம். தொலைந்தால் நெஞ்சு வலிக்காத விலையில் இருப்பது நல்லது.

எதை வாங்கினாலும் மாங்காய்ப் பாலை அலகில் காயவிடாதீர்கள். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் பிசின் கழன்று வரும், பிறகு சோப்பு போட்டுக் கழுவிக் காயவையுங்கள். மடிக்கும் இடத்துக்குத் தேங்காய் எண்ணெய் ஆகாது, நாளாக நாளாகப் பிசுபிசுக்கும். அங்கே தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

பழசே போதும் என்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் பேனாக்கத்திகள் கண்ணில் படலாம். அலகு சாணையில் கரைந்து ஒல்லியாகியிருக்கிறதா, மடிக்கும்போது ஸ்பிரிங் 'டக்'கென்று பிடிக்கிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங் செத்ததை அலமாரியில் வைக்கத்தான் வாங்கலாம். பெரிய பிராண்டின் பெயரோடு ஆன்லைனில் மூவாயிரத்துக்கு வருவது அநேகமாக நகல்.

இவ்வளவு சொன்ன பிறகும் மகன் ஆசையாக வாங்கித் தருகிறான் என்றால் தடுக்காதீர்கள். நல்ல கைவேலையை வைத்திருப்பது ஒரு சுகம், அதைச் சிக்கனம் என்று சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. நிபந்தனை இதுதான்: கத்தியோடு ஒரு வைரச் சாணைத் தகடும் வர வேண்டும், ஒரு பக்கம் கொரகொரப்பு, மறுபக்கம் நைசு. வனேடியத்தை அறுப்பது வைரம். தண்ணீர் தெளித்து, அழுத்தாமல், ஒரே சாய்வில் இழுக்க நீங்களே பழகிக்கொள்ளுங்கள். முழுக்க மழுங்கும்வரை காத்திருக்காமல் அவ்வப்போது நைசுப் பக்கத்தில் நாலு இழுப்பு இழுத்தால் சாணைக்காரரைத் தேட வேண்டியதில்லை.

பொத்தானை அழுத்தினால் தானாகப் பாயும் ரகம் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், போலீஸிடம் விளக்கம் சொல்லி மாளாது. விமானத்தில் கைப்பையில் வைத்தால் பறிமுதல்தான். பெரிய பெட்டிக்குள் வைத்து, பில்லைக் கையில் வைத்துக்கொள்ளட்டும்.