ஏரித் தண்ணீர் இருந்தும் அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் ஏன் பக்கத்து ஊருக்கு விற்கத் தயங்கியது?

தண்ணீர் பற்றாக்குறை காரணமே இல்லை. மிச்சிகன் ஏரி வாசலிலேயே கிடக்கிறது. மதுபான ஆலைகளும் தோல் தொழிற்சாலைகளும் குறைந்துபோனதில் குடிநீர் வாரியத்தின் கையில் உபரித் திறனும் இருந்தது. விற்றால் வருமானம்தான்.

வாங்க வந்த ஊர் வாகிஷா. அதன் ஆழ்கிணறுகளில் பாறையிலிருந்து கரையும் ரேடியம், அனுமதித்த அளவைத் தாண்டியது. ஏரிக்கு 30 கி.மீ. தூரம்கூட இல்லை, ஆனால் அங்கே பெய்யும் மழை ஏரிக்கு வராமல் மிசிசிப்பி ஆற்றுப் பக்கம் ஓடிவிடும். 2008 பேரேரிகள் ஒப்பந்தப்படி, அப்படிப்பட்ட ஊருக்கு ஏரித் தண்ணீர் கொடுக்க, பேரேரிகளைச் சுற்றியுள்ள எட்டு மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும்.

மில்வாக்கியின் உண்மையான கவலை வேறு. நம் தண்ணீரை வைத்தே புறநகர் வளரும், வேலையும் வரியும் அங்கே போகும், ஏழைகளுக்கு வீடும் பேருந்தும் மட்டும் அங்கே கிடைக்காது என்றார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. அதனால் நகர மன்றம், வாகிஷாவுக்கு மட்டும் தருவோம், சுற்றுப்பகுதிகளுக்கு இல்லை என்றது. வாகிஷா, ஏரிக்கரையில் உள்ள இன்னொரு நகரமான ஓக் கிரீக்கிடம் போனது.

2016இல் எட்டு மாநிலங்களும் விநியோக எல்லையைச் சுருக்கி, நாளுக்குச் சராசரியாக 82 லட்சம் காலன் வரை (சுமார் 3.1 கோடி லிட்டர்) அனுமதித்தன. பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்து ரூட் ஆறு வழியாக ஏரிக்கே திருப்ப வேண்டும். எல்லை சுருங்கியதும் மில்வாக்கியின் முக்கிய ஆட்சேபம் போய்விட்டது. அப்புறம் 2017இல் மலிவான விலையில் மில்வாக்கியோடே உடன்பாடு. 2023 அக்டோபரில் தண்ணீர் போய்ச் சேர்ந்தது.