கால் ஆஃப் கதுலு ஆடலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் ஐந்து பேர் வார இறுதிகளில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம்; ஆளுக்கு ஒரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம். இப்போது ஒருவர், அதே வகைத் திகில் ஆட்டமான கால் ஆஃப் கதுலு ஆடலாம் என்கிறார். இன்னொருவர், “பைத்தியம் பிடித்துச் சாவதற்கு எதற்கு நாலு மணி நேரம் உட்கார வேண்டும்?” என்கிறார். ஒரு பகடை தவறினால் கதையே நின்றுவிடும் என்றும் கேள்விப்பட்டேன். இந்த ஆட்டத்தின் நிறைகுறைகளை எழுத முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தாராளமாக ஆடுங்கள். ஆனால் பழைய ஆட்டத்தின் பழக்கங்களோடு உட்காராதீர்கள். அங்கே லெவல் ஏற ஏற உயிர்ப்புள்ளிகளும் ஏறும். இங்கே லெவலே கிடையாது. சராசரி ஆளுக்கு 11, 12 உயிர்ப்புள்ளிகள், கடைசிவரை அவ்வளவுதான். ஒரு கைத்துப்பாக்கிக் குண்டே 10 புள்ளிவரை பிடுங்கிவிடும்.

1981இல் சாண்டி பீட்டர்சன் உருவாக்கி, கேயாசியம் நிறுவனம் வெளியிட்ட ஆட்டம் இது. களம் அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் கதையுலகம், பெரும்பாலும் 1920களின் அமெரிக்கா. நிருபர், பேராசிரியர், டாக்டர் என்று, ஒரு மர்மத்தைத் துப்பறியும் சாதாரண மனிதர்களாகத்தான் ஆடுவீர்கள். கதையை நடத்துபவர் கீப்பர். இத்தனை வருடங்களாக இது நிலைத்து நிற்பதற்கு நான் காணும் காரணம், சானிட்டி என்ற ஒரே ஒரு எண்; பாத்திரத்தின் மனத்தெளிவு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதன் அளவு அது.

உங்கள் நிருபருக்குச் சானிட்டி 60 என்று வையுங்கள். இடுகாட்டில் ஒரு பிணந்தின்னியைப் பார்த்துவிடுகிறார். நூற்றுக்கு உருட்டும் பகடையில் 60க்குள் விழுந்தால் பாதகமில்லை. தாண்டினால் ஆறுபக்கப் பகடையை உருட்டி, விழுந்ததைச் சானிட்டியில் கழிக்க வேண்டும். ஒரேயடியாக 5 அல்லது அதற்கு மேல் போய்விட்டால், அடுத்து அவருடைய அறிவுக்கு ஒரு பகடை. அதில் தோற்றால் தப்பித்தார், பார்த்ததை மனம் மூடி மறைத்துவிடும். ஜெயித்தால் பார்த்தது இன்னதென்று முழுசாகப் புரிந்துவிடும், அந்த நிமிடமே நிலைகுலைந்து போவார். அறிவாளிக்குத்தான் ஆபத்து அதிகம்!

இதே தர்க்கம் ஏடுகளிலும் உண்டு. கதையில் கிடைக்கும் பழைய மந்திர ஏட்டைப் படித்தால் ‘கதுலு மித்தோஸ்’ என்ற திறன், அதாவது அந்தப் பூதங்களைப் பற்றிய அறிவு, ஏறும். அது ஏறுகிற ஒவ்வொரு புள்ளிக்கும் சானிட்டியின் உச்சவரம்பு 99இலிருந்து ஒன்று இறங்கும். இழந்த சானிட்டியைச் சிகிச்சையில் ஓரளவு மீட்கலாம், வரம்பை மீட்க முடியாது. ஆனால் ஏட்டைப் படிக்காமல் மர்மம் விடுபடாது. “நீ படி”, “இல்லை, நீயே படி” என்று நண்பர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் அந்த நேரத்துக்காகத்தான் நாலு மணி நேரம் உட்காருகிறோம். உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

பகடை தவறினால் கதை நிற்கும் என்பது உண்மைதான். மறைந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் திறன் தொடக்கத்தில் 25 சதவீதம், நூலகத்தில் தேடும் திறன் 20. அடுத்த தடயம் ஒரு பழைய செய்தித்தாளில் மட்டும் இருந்து, எல்லோரும் உருட்டித் தோற்றால் கீப்பர் முழிக்க வேண்டியதுதான். விதிநூலின் ஏழாம் பதிப்பில், வேறு விதமாக முயல்வதாகச் சொல்லி மறுபடி உருட்டலாம்; அதிலும் தோற்றால் விளைவு மோசமாகும். இது பாதித் தீர்வுதான். 2008இல் கென்னத் ஹைட் எழுதிய ட்ரெயில் ஆஃப் கதுலு என்ற, இதே கதையுலகின் வேறொரு ஆட்டத்தில், உரிய திறன் உள்ளவர் சரியான இடத்தில் தேடினாலே தடயம் கிடைத்துவிடும். நீங்களும் அப்படியே கொடுத்துவிடுங்கள். தேட எத்தனை மணி நேரம் ஆயிற்று, யார் கவனித்துவிட்டார்கள் என்பதற்கு மட்டும் பகடை போதும்.

எனக்கு அதைவிட உறுத்துவது வேறு. நிலைகுலைவுக்கு ஒரு அட்டவணை, அச்சங்களுக்கு ஒரு நீண்ட பட்டியல். உருட்டி எடுத்த மனநோயை நடிக்கிற சாக்கில் சிலர் கூத்தடிக்கிறார்கள். அந்த நோயோடு வாழ்பவரோ, வீட்டில் அப்படி ஒருவரைப் பார்த்துக்கொள்பவரோ உங்கள் ஐந்து பேரிலேயே இருக்கலாம். எது வேண்டாம் என்பதை ஆடுவதற்கு முன்பே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்தப் பாத்திரம் அப்போது என்ன செய்யும் என்று அவரவரே சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும்.

லவ்கிராஃப்டின் இனவெறியையும் சொல்லியாக வேண்டும். ஆட்டத்துக்குப் பெயர் தந்த 1928ஆம் ஆண்டுக் கதையில் கதுலு என்ற பூதத்தை வழிபடுபவர்கள் பெரும்பாலும் வெள்ளையர் அல்லாதவர்கள். கதுலுவின் கனவுகள் உலகெங்கும் மனிதர்களைத் தொடும் நாட்களில் நடந்தவற்றின் பட்டியலில், இந்திய மக்களிடையே எழுந்த கொந்தளிப்பும் ஒரு வரியாக வருகிறது. அடிமை நாட்டில் மக்கள் கொதிப்பதற்கு ஒரு பூதம் காரணமாம்! இதை நான் சகித்துக்கொள்வதில்லை. நடத்தும்போது வழிபாட்டுக் கூட்டத்தை ஊரின் பணக்காரக் குடும்பங்களாக மாற்றிவிடுவேன். விதிகளில் கைவைக்கவே வேண்டாம், கதை இன்னும் வலுவாகும்.

தொடங்குவதற்கு, கேயாசியம் இலவசமாகத் தரும் அறிமுக விதிநூலில் உள்ள ‘தி ஹாண்டிங்’ போதும். பாஸ்டனில் ஒரு வீடு, அதில் என்ன கோளாறு என்று பார்த்துச் சொல்லக் கேட்கும் வீட்டுக்காரர். ஒரே மாலையில் முடித்துவிடலாம். கீப்பராக உட்காருபவர் இரண்டு தடவை படித்துவிட்டு வரட்டும். மற்ற நால்வரும் அந்தப் பக்கங்களைத் திறக்கவே வேண்டாம்.