அன்ஹைட் கொடுத்தும் வராத வரிசைகள்

கேள்வி: மளிகை மொத்த வியாபாரக் கடையொன்றில் கணக்கு பார்க்கிறேன். சில்லறைக் கடைக்காரர்களின் பாக்கிப் பட்டியல் எக்செல்லில் இருக்கிறது. எனக்கு முன்பு வேலையில் இருந்தவர் போட்டு வைத்தது. இடது ஓரத்தில் 37-க்கு அடுத்து 52 என்று எண் தாவுகிறது. மேலேயும் ஷீட் 5-ஆம் எண்ணில்தான் தொடங்குகிறது. முழு ஷீட்டையும் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்து அன்ஹைட் கொடுத்துவிட்டேன், பலனில்லை. அடியில் இருக்கும் மொத்தமோ, கண்ணில் தெரியும் பாக்கிகளைக் கால்குலேட்டரில் கூட்டினால் வருவதைவிட அதிகம். நடுவில் போன 14 பேரின் கணக்கு அழிந்துவிட்டதா?

பதில்: அழியவில்லை. அழித்திருந்தால் எக்செல் கீழே உள்ள வரிசைகளை மேலே இழுத்து 38, 39 என்று மறுபடி எண் போட்டிருக்கும். எண் தாவுகிறது என்றால் வரிசைகள் அங்கேயேதான் இருக்கின்றன. மொத்தம் அதிகமாக வருவதும் நல்ல சேதிதான்: அந்த 14 பேரின் பாக்கியும் அதில் சேர்ந்திருக்கிறது.

அன்ஹைட் ஏன் பலிக்கவில்லை என்றால், அது ஹைட் என்ற கட்டளையால் மறைத்தது போன்றவற்றைத் திறப்பதற்கானது. எக்செல்லில் ஒரு வரிசை கண்ணுக்குத் தெரியாமல் போக வேறு வழிகளும் உண்டு. பூட்டு ஒன்று, சாவி வேறு என்ற கதை. ஆகவே எந்த வழியில் மறைந்தது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு வேண்டிய இரண்டு விவரங்களை நீங்கள் எழுதவில்லை. ஃபைலை ஒரு நகல் எடுத்துக்கொண்டு, அந்த நகலில் இவற்றைப் பாருங்கள்.

முதலாவது, ஓரத்து எண்களின் நிறம். அவை நீலமாக இருந்தால் ஃபில்டர், அதாவது வேண்டிய வரிசைகளை மட்டும் காட்டும் வசதி, வேலை செய்துகொண்டிருக்கிறது. இரண்டாவது, அம்புக்குறி. 37-ஆம் வரிசையில் ஏதாவது ஒரு கட்டத்தில் நின்று கீபோர்டில் கீழ் அம்பை ஒரே ஒரு முறை அழுத்துங்கள். ஃபார்முலா பட்டைக்கு இடப்பக்கம் கட்டத்தின் பெயரைக் காட்டும் சிறிய பெட்டி இருக்கிறதல்லவா, அதில் 52 என்று வந்தால் நடுவில் உள்ளவை மெய்யாகவே மறைக்கப்பட்டவை அல்லது ஃபில்டர் ஆனவை. 38 என்று வந்தால் அவை மறையவே இல்லை! உயரம் குறைந்து, தாளில் கோடு கிழித்ததுபோல ஒடுங்கிக் கிடக்கின்றன.

உங்களுக்கு நடந்தது இந்த ஒடுங்கிய வகை என்றுதான் எனக்குப் படுகிறது. வரிசை எண்களுக்கு நடுவே உள்ள கோட்டை மவுஸால் பிடித்து மேலே இழுத்துக்கொண்டே போய், முழுதாக மூடுவதற்கு ஒரு மயிரிழை முன்னால் விட்டால் இப்படி ஆகும். உயரம் பூஜ்யம் ஆனால்தான் எக்செல் அதை மறைக்கப்பட்ட வரிசையாகக் கணக்கில் எடுக்கும். ஒரு புள்ளி உயரம் இருந்தாலும் அதன் கணக்கில் அது திறந்த வரிசைதான். திறந்திருக்கும் கதவைத் திறக்கச் சொன்னால் அது என்ன செய்யும்? பேசாமல் இருக்கும். பிழைச்செய்திகூட வராது, ஆளைக் குழப்புவதே அதுதான்.

இதற்கு மருந்து சுலபம். 37-ஆம் எண்ணை அழுத்திப் பிடித்து 52 வரை இழுத்துத் தேர்ந்தெடுங்கள். எண்ணின் மேலேயே ரைட் கிளிக் செய்து, ரோ ஹைட் (Row Height, வரிசையின் உயரம்; மறைக்கும் ஹைட் அல்ல) என்பதில் 15 என்று கொடுங்கள். காலிப்ரி எழுத்தில் 11 அளவு என்றால் எக்செல் இயல்பாக வைக்கும் உயரம் அதுதான். முழு ஷீட்டுக்கும் 15 கொடுத்துவிடாதீர்கள். முகவரியை இரண்டு மூன்று வரியாக மடித்து எழுதிய கட்டங்கள் இருந்தால் அவையெல்லாம் நசுங்கிவிடும். அதை நிமிர்த்துவது தனி வேலை.

எண்கள் நீலமாக இருந்தால் டேட்டா பக்கத்துக்குப் போய் கிளியர் கொடுத்தால் போதும். இதில் ஒரு பொறி உண்டு. பட்டியலை டேபிள் ஆக மாற்றி வைத்திருந்தால், கர்சர் டேபிளுக்கு வெளியே நிற்கும்போது கிளியர் பட்டன் மங்கலாகத் தெரியும். ஃபில்டரே இல்லை போலிருக்கிறது என்று நாம் நகர்ந்துவிடுவோம். டேபிளுக்குள் ஒரு கட்டத்தைத் தொட்டுவிட்டுப் பாருங்கள். இன்னொன்று அட்வான்ஸ்டு ஃபில்டர். இது போட்டிருந்தால் தலைப்பில் அம்புப் பொத்தான்களே இருக்காது, எண்கள் மட்டும் நீலமாக இருக்கும். அதற்கும் அதே கிளியர்தான்.

அந்த மொத்தக் கட்டத்தையும் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள், உள்ளே என்ன ஃபார்முலா என்று தெரியும். சம் என்றால் தெரிவது, மறைந்தது என்ற பேதமில்லாமல் எல்லாவற்றையும் கூட்டும். சப்டோட்டல் என்று இருந்து அதன் முதல் எண் 9 என்றால், ஃபில்டர் ஒளித்தவற்றை விட்டுவிடும், ஹைட் செய்தவற்றைச் சேர்த்துக்கொள்ளும். 109 என்றால் இரண்டையும் விட்டுவிடும். ஆகவே உங்கள் மொத்தம் சப்டோட்டல் 9 ஆக இருந்தும் அதிகம் காட்டுகிறது என்றால், ஃபில்டர் மேல் பழி இல்லை. ஒடுங்கிப்போன வரிசைகளைப் பொறுத்தவரை 109-ம் அவற்றைச் சேர்த்தே கூட்டும், அவை திறந்தவை என்பதால். அம்பை அழுத்திப் பார்த்ததில் சந்தேகம் இருந்தால் இதைச் சாட்சிக்கு வைத்துக்கொள்ளலாம்.

மேலே காணாமல் போன 1 முதல் 4 வரை உள்ள வரிசைகள் வேறு சங்கதி. அநேகமாக ஃப்ரீஸ் பேன்ஸ். உங்களுக்கு முன்பு இருந்தவர் ஷீட்டைச் சற்றுக் கீழே நகர்த்திய நிலையில், 5-ஆம் வரிசை திரையின் உச்சியில் இருக்கும்போது தலைப்பை அசையாமல் நிறுத்தியிருப்பார். அந்தக் கணத்தில் திரைக்கு மேலே இருந்தவை மேலேயே மாட்டிக்கொள்ளும். எவ்வளவு ஸ்க்ரோல் செய்தாலும் வராது. இங்கேயும் அம்பு காட்டிக்கொடுக்கும்: 5-ஆம் வரிசையில் நின்று மேல் அம்பை அழுத்தினால் பெயர்ப் பெட்டியில் 4 என்று மாறும், திரை மட்டும் அசையாது. வியூ பக்கத்தில் அன்ஃப்ரீஸ் பேன்ஸ் கொடுத்து, உச்சி வரை ஸ்க்ரோல் செய்து பாருங்கள். பிறகு தலைப்பு வரிசைக்கு அடுத்த வரிசையைத் தேர்ந்தெடுத்து மறுபடி ஃப்ரீஸ் செய்துகொள்ளலாம். 

ஷீட்டுக்குப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருந்தால்? அப்போது அன்ஹைட் என்ற சொல்லே மங்கிப்போய் அழுத்த முடியாமல் இருக்கும். உங்களால் அழுத்த முடிந்ததால் அந்தக் கவலை வேண்டாம். ஓரத்து எண்களுக்கு இடப்பக்கம் சின்னக் கூட்டல் குறி தெரிந்தால் அது குரூப் செய்தது, குறியை அழுத்தினால் விரியும்.

ஒரு எச்சரிக்கை. ஃபைல் பக்கத்தில் இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட் என்று ஒன்று இருக்கிறது. மறைந்த வரிசைகள் இத்தனை என்று அது சொல்லும். சொல்லிவிட்டு, ரிமூவ் ஆல் என்று ஒரு பட்டனையும் பக்கத்திலேயே நீட்டும். மறைவை நீக்கும் பட்டன் என்று நினைத்து அழுத்தினால் வரிசைகளையே நீக்கிவிடும்.

வரிசைகள் வந்த பிறகு உடனே பிரின்ட் எடுத்து முதலாளியிடம் நீட்டிவிடாதீர்கள். ஒருவேளை அந்த 14 பேரை முன்னவர் வேண்டுமென்றே ஒளித்திருக்கலாம்: வராக்கடன், தகராறில் உள்ள பாக்கி, இரண்டு முறை எழுதப்பட்ட பெயர். 2008-ல் திவாலான லேமன் பிரதர்ஸின் வியாபாரத்தை பார்க்லேஸ் வங்கி வாங்கியபோது, எக்செல் பட்டியலில் மறைத்து வைத்த வரிசைகள், அதைப் பிடிஎஃப் ஆக்கும் அவசரத்தில் வெளியே வந்து, வேண்டாத 179 ஒப்பந்தங்கள் நீதிமன்றத்துக்குப் போன பட்டியலில் சேர்ந்துவிட்டன. பெரிய வக்கீல் அலுவலகத்திலேயே நடந்தது இது. ஆகவே 14 பெயர்களையும் பழைய பில் புத்தகத்தோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள். ஒதுக்க வேண்டியவை இருந்தால் ஹைட் செய்யாமல், பக்கத்தில் நிலை என்று ஒரு பத்தி போட்டு அதில் காரணத்தை எழுதி வையுங்கள். தேவையானபோது ஃபில்டர் செய்துகொள்ளலாம்.

இத்தனைக்கும் பிறகு எண் தாவினால் மறுபடி எழுதுங்கள். ஆனால் எண்களின் நிறமும், அம்பை அழுத்தியபோது பெட்டியில் வந்த எண்ணும் கடிதத்தில் இருக்கட்டும்.