மூடி வைத்த தையல் மெஷின்

வணக்கம் ஐயா,

தோழி ஒருத்தி சொன்னாள் என்று 'மில்ட்ரெட் பியர்ஸ்' (1945) படத்தைச் செல்போனில் பார்த்தேன். மாடிப்படியில் மகள் அம்மாவை அறைகிற இடத்தில் நிறுத்திவிட்டு, மிச்சத்தை மறுநாள்தான் பார்க்க முடிந்தது. நான் வீட்டில் தையல் வேலை செய்கிறேன். கணவர் இல்லை. மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. தோழிகளிடம் என்னை டிசைனர் என்று சொல்லி வைத்திருக்கிறாள். போன மாதம் அவர்கள் வீட்டுக்கு வந்தபோது மெஷினைப் பின்னறைக்குத் தள்ளி, பெட்ஷீட் போட்டு மூடி வைத்தேன். அது கிடக்கட்டும். படத்தில் வரும் அந்த வீடா மாதிரி ஒரு மகள் நிஜத்தில் இருப்பாளா? அவள் அம்மா மில்ட்ரெட் செய்த தப்பு என்ன, செல்லம் கொடுத்ததா? நாவலும் இப்படித்தானா? 2011இல் வந்த தொடரைப் பார்க்கலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். தொடரைப் பாருங்கள். கேட் வின்ஸ்லெட் நடித்தது, நாவலை ஒட்டியே போகும். ஜேம்ஸ் எம். கெய்ன் 1941இல் எழுதிய அந்த நாவலில் கொலையே கிடையாது. கடற்கரை வீட்டில் துப்பாக்கிச் சத்தம், போலீஸ் விசாரணை எல்லாம் படத்துக்காகச் சேர்த்தவை. நாவலில் வீடா பெரிய பாடகியாகி, அம்மாவின் இரண்டாவது கணவனையும் கூட்டிக்கொண்டு நியூயார்க்குக்குப் போய்விடுவாள். அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிகள் அதற்கு இடம் கொடுக்காது. தப்பு செய்தவள் மாட்டியாக வேண்டும். அவளை ஜெயிலுக்கு அனுப்ப ஒரு பிணம் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

வீடா மாதிரி ஒரு மகள் இருப்பாளா என்கிறீர்கள். பதில் தெரிந்துதான் கேட்கிறீர்கள். தெரியாதிருந்தால் அந்த இடத்தில் படத்தை நிறுத்தியிருக்க மாட்டீர்கள்.

செல்லம் விஷயம். படம் பார்த்த எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். எனக்கு அலுத்துவிட்டது. செல்லம் கொடுத்து வளர்த்த பிள்ளைகளில் தங்கமானவர்களையும் பார்த்திருக்கிறேன், அடித்து வளர்த்ததில் அயோக்கியர்களையும் பார்த்திருக்கிறேன்.

'அது கிடக்கட்டும்' என்று ஒரு வரி எழுதினீர்களே, உங்கள் கடிதமே அந்த வரிதான். அதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு என்னிடம் செல்லத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். கோபம் வருகிறது, சொல்லிவிட்டேன்.

மாடிப்படிக் காட்சியை இன்னொரு தடவை பாருங்கள். கர்ப்பம் என்று பொய் சொல்லிப் பணக்காரக் குடும்பம் ஒன்றிடம் பத்தாயிரம் டாலர் காசோலை வாங்கியிருக்கிறாள் வீடா. ஹோட்டல் நடத்துகிற அம்மாவிடம் அதைக் கூசாமல் சொல்கிறாள். பணம் எதற்கு என்பதற்கு அவள் ஒரு பட்டியலே வைத்திருக்கிறாள். உன்னிடமிருந்து தப்பிக்க, உன் கோழிக் கறியிலிருந்து, நீ சுடுகிற 'பை' பலகாரத்திலிருந்து, அடுப்படியிலிருந்து, எண்ணெய்ப் பிசுக்கு நாறுகிற எல்லாவற்றிலிருந்தும் தப்பிக்க என்கிறாள். சீருடை போட்ட பெண்கள் நிறைந்த ஊர் என்று அவர்கள் குடியிருக்கும் கிளெண்டேலையே தூற்றுகிறாள். கடைசியில், மளிகைக் கடை மாடியில் குடியிருந்தவன் மகள் நீ, உன் அம்மா ஊரார் துணியைத் துவைத்தவள் என்கிறாள். அப்புறம்தான் காசோலை கிழிகிறது, அறை விழுகிறது, வெளியே போ என்கிறாள் மில்ட்ரெட்.

அந்தப் பட்டியலில் ஒன்றுகூடப் பொய் இல்லை. எல்லாம் அந்த வீட்டிலேயே அவள் படித்த பாடம். சொல்லிக் கொடுத்தவள் யார்?

படத்தில் அதற்கு முன்பே ஒரு காட்சி வருகிறது. மில்ட்ரெட் சர்வர் வேலைக்குப் போகிறாள், வீட்டில் சொல்லவில்லை. சீருடையை ஒளித்து வைக்கிறாள். வீடா அதைக் கண்டுபிடித்து வேலைக்காரப் பெண்ணுக்கு மாட்டிவிடுகிறாள். தாய்க்கும் மகளுக்கும் சண்டை மூள்கிறது. நீங்கள் சாப்பிட, உடுத்த, கிடைத்த ஒரே வேலை இதுதான் என்று மில்ட்ரெட் முதலில் உண்மையைத்தான் சொல்கிறாள். மகளை அறைகிறாள். உடனே, கையை வெட்டிக்கொண்டிருக்கலாம் என்று உருகுகிறாள். அதோடு விட்டிருக்கலாம். தொழில் கற்றுக்கொள்ளத்தான் போனேன், சொந்தமாக ஹோட்டல் வைக்கப் போகிறேன் என்றும் சேர்த்துச் சொல்கிறாள். சர்வர் வேலை கேவலம்தான், ஆனால் நான் நிஜமான சர்வர் இல்லை என்பதுதானே இதற்கு அர்த்தம்? வீடா அன்றைக்கே ஜெயித்துவிட்டாள். மாடிப்படியில் நடந்தது அந்தத் தீர்ப்பை வாசித்துக் காட்டியது மட்டும்தான்.

இதை நான் சும்மா எழுதவில்லை. போன வாரம் பழைய டிரங்குப் பெட்டியைக் கிளறியபோது என் ஆறாம் வகுப்புச் சேர்க்கைப் படிவம் ஒன்று கிடைத்தது. வீணான படிவம். 'தாயின் தொழில்' என்ற இடத்தில் என் கோழிக்கிறுக்கலில் 'பலகாரம் போ' வரை இருக்கிறது, அதன்மேல் பெரிய மைத் தீற்றல். 'பலகாரம் போடுதல்' என்று எழுதப் போனேன். பாதியில் அம்மா பேனாவைப் பிடுங்கி அந்த எழுத்தை அடித்துவிட்டாள். இன்னொரு படிவம் வாங்கிவர இரண்டு மைல் நடந்தேன், பள்ளிக்கூடத்தில் திட்டும் வாங்கினேன். புதுப் படிவத்தில் 'வீட்டு வேலை' என்று எழுதச் சொன்னாள்.

அம்மா கல்யாண வீடுகளுக்கு முறுக்கும் அதிரசமும் போட்டுத்தான் எங்களை வளர்த்தாள். விடியற்காலை மூன்று மணிக்கு வாணலி ஏறும். பள்ளிக்கூடத்துக்கு வருவதாக இருந்தால் எலுமிச்சைத் தோலால் முழங்கை வரைக்கும் தேய்த்துக் குளிப்பாள். எண்ணெய் வாசம் கேவலமான வாசம் என்று அதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். அதுவரை எனக்கு அது அம்மா வாசம்.

கல்லூரி விடுதிக்கு ஒரு தடவை டின் நிறைய முறுக்கு கொண்டுவந்தாள். அறைத் தோழன் தின்று பார்த்துவிட்டு எங்கே வாங்கியது என்று கேட்டான். கடையில் வாங்கியது என்றேன். அம்மா பக்கத்தில்தான் நின்றாள். "ஆமா தம்பி, நல்ல கடை" என்றாள்.

நான் யாரையும் அறையவில்லை. வீடாவும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள் என்பதைச் சொல்ல மட்டும் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயம் சொல்ல மறந்தேன். மில்ட்ரெட்டாக நடித்த ஜோன் கிராஃபோர்டின் நிஜப் பெயர் லூசில் லசூர். அவருடைய அம்மா கான்சாஸ் சிட்டியில் ஒரு சலவையகத்தில் வேலை பார்த்தவர். எம்ஜிஎம் ஸ்டூடியோவில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு 1943இல் வெளியே வந்தவரை, இந்தப் படத்துக்கு ஸ்கிரீன் டெஸ்ட் எடுக்க வைத்தார் இயக்குநர் மைக்கேல் கர்டிஸ். அத்தனை பெரிய நட்சத்திரம் புதுமுகம் மாதிரி போய் நின்றார். படப்பிடிப்பில், வீடாவாக நடித்த பதினாறு வயது ஆன் பிளைத் அவர் முகத்துக்கு நேரே, உன் அம்மா துணி துவைத்தவள் என்று சொல்கிறாள். அந்த வசனத்தின்போது கிராஃபோர்டின் முகத்தை மட்டும் பாருங்கள். அடுத்த வருஷம் அவருக்குச் சிறந்த நடிகை ஆஸ்கர் கிடைத்தது. உடம்பு சரியில்லை என்று விழாவுக்குப் போகாமல், வீட்டில் படுக்கையில் இருந்தபடியே வாங்கிக்கொண்டார்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகள் டிசைனர் என்று சொன்னது சின்னப் பொய். பெட்ஷீட் போட்டது நீங்கள். அவள் போடச் சொன்னாள் என்று கடிதத்தில் எங்கேயும் இல்லை, இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டேன். அவள் சொல்வதற்கு முன்பே மூடிவிட்டீர்கள்.

மெஷினை மறுபடி முன்னறைக்குக் கொண்டு வாருங்கள், ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடத்தில். பெட்ஷீட்டைத் துவைத்துக் கட்டிலில் விரியுங்கள். அந்தப் பெண்கள் அடுத்த தடவை வரும்போது நகர்த்தாதீர்கள். தைத்துக்கொண்டே பேசுங்கள். ஒருத்திக்காவது பிளவுஸ் கை பிடிக்காமல் இருக்கும், கேட்பாள்.