முதல் ஞாயிறு சைக்கிளை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்

கேள்வி: செந்தூலில் குடியிருக்கிறேன். வயது 46. தோட்டப்புறத்தில் வளர்ந்தவள்; அப்பாவின் பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுத்தான் ஓட்டப் பழகினேன். அதன் பிறகு 30 ஆண்டுகளாகச் சைக்கிளைத் தொட்டதில்லை. நான்கு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோலாலம்பூர் நகரச் சாலைகளில் கார்களை நிறுத்திவிட்டுச் சைக்கிள் ஓட்ட விடுகிறார்களாமே? போகலாம் என்று என் 9 வயது மகன் தினமும் கேட்கிறான். நான் ஓட்டலாமா? என்ன ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்? ஓட்டும்போது அவன் முன்னால் போவதா, நான் முன்னால் போவதா?

பதில்: தாராளமாக ஓட்டலாம், சகோதரி. குரங்குப் பெடல் போட்டவருக்குச் சமநிலையைப் பற்றி நான் புதிதாகச் சொல்லித்தர ஒன்றுமில்லை. பார் கம்பிக்கு அடியில் காலை நுழைத்து, உடலை ஒருபக்கம் சாய்த்து, எட்டாத பெடலை எட்டி மிதித்த உடம்பு அது. அந்தப் பழக்கம் 30 ஆண்டுகளில் அழிந்துவிடாது. இடையில் வந்து சேர்ந்தது பயம் மட்டும்தான். அதைப் போக்க வழி இருக்கிறது.

நீங்கள் கேள்விப்பட்டது 'கேஎல் கார் ஃப்ரீ மார்னிங்'. கோலாலம்பூர் மாநகர் மன்றம் 2014-இல் தொடங்கியது. ஞாயிறு காலை 7 மணி முதல் 9 மணி வரை, நகரின் நடுவே ஏறக்குறைய 7 கிலோமீட்டர் சுற்றுப் பாதையில் கார்களை விடமாட்டார்கள். ஜாலான் சுல்தான் இஸ்மாயில், ஜாலான் ராஜா சூலான், ஜாலான் துன் பேராக் என்று வார நாள்களில் நெரிசலில் மூச்சுத் திணறும் சாலைகள், அந்த இரண்டு மணி நேரமும் ஓடுகிறவர்களுக்கும் நடப்பவர்களுக்கும் மிதிப்பவர்களுக்கும் சொந்தம். அணிவகுப்பு, ஓட்டப்பந்தயம் என்று ஏதாவது வந்தால் நாளும் பாதையும் மாறும். ஆகவே சனிக்கிழமை இரவே மாநகர் மன்றத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

என் முதல் ஆலோசனை உங்கள் மகனுக்குப் பிடிக்காது. முதல் ஞாயிறு சைக்கிளைக் கொண்டுபோகாதீர்கள். இருவரும் நடந்து பாருங்கள்.

புதிதாக ஓட்ட வரும் பெண்களுக்குப் பல ஆண்டுகளாகப் பயிற்சி தருகிறேன். விழுந்தவர்களில் பெரும்பாலோர் கால் வலுவில்லாமல் விழுந்தவர்கள் அல்லர். அடுத்த வளைவுக்கு அப்பால் ஏற்றமா இறக்கமா என்று தெரியாத பதற்றத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடித்து விழுந்தவர்கள். பாதையை ஒருமுறை கால் அறிந்துவிட்டால் கை தளர்ந்துவிடும். செந்தூல் நிலையத்தில் எல்ஆர்டி என்ற நகர ரயிலில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் மஸ்ஜிட் ஜாமெக். அங்கிருந்து மெர்டேக்கா சதுக்கம் சில நிமிட நடை. 1897-இல் கட்டி முடித்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தை எத்தனையோ முறை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். சாலையின் நட்ட நடுவில் நின்று, எந்த ஹாரனுக்கும் ஒதுங்காமல் அதன் மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்தீர்களா? இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். வேகமாகச் சுற்றிவருகிறவர்களுக்கு அது வாய்ப்பதில்லை.

ஜாலான் ராஜா சூலான் பக்கம் வரும்போது கவனியுங்கள். புக்கிட் நானாஸ் குன்றை ஒட்டி அந்தச் சாலை ஏறி இறங்குகிறது. 421 மீட்டர் உயரக் கோலாலம்பூர் கோபுரம் நிற்கிறதே, அதே குன்றுதான். 1906-லேயே ஒதுக்கிய காடு இன்னும் அதன் சரிவில் இருக்கிறது. முந்தின இரவு மழை பெய்திருந்தால் காலையில் ஈர இலையின் வாசம் சாலைவரை வரும். கார் ஓடும் நாளில் அந்த வாசத்தை யாரும் உணர்ந்திருக்க முடியாது. அங்கே நின்று சரிவைப் பாருங்கள். உங்களால் ஏற முடியுமா, இறக்கத்தில் பிரேக்கை எங்கிருந்து பிடிக்க வேண்டும் என்று மகனோடு பேசி முடிவு செய்யுங்கள்.

நடக்கும்போது சாலையோரச் சாக்கடைகளின் இரும்பு மூடிகளையும் பார்த்துவையுங்கள். அவற்றின் கம்பிகள் சாலையின் போக்கிலேயே நீண்டிருந்தால் மெல்லிய டயர் இடுக்கில் இறங்கிவிடும். எனக்கு நடந்திருக்கிறது. முன்சக்கரம் நின்றது, உடம்பு நிற்கவில்லை. முழங்கையில் ஏழு தையல். அன்று முதல் ஓரத்தை ஒட்டி ஓட்டுவதில்லை. மூடியிலிருந்து ஒரு கை நீளம் உள்ளே தள்ளியே ஓட்டுகிறேன். மழைக்குப் பிறகு சாலையில் தீட்டிய வெள்ளைக் கோடுகளும் வழுக்கும். அவற்றின் மேல் திரும்பாதீர்கள், பிரேக் பிடிக்காதீர்கள்.

இன்னொன்றும் முதல் நாளிலேயே தெரிந்துவிடும்: பல மாதங்களில் 7 மணிக்கு இங்கே இருட்டு. 1982 ஜனவரி 1 முதல் சபா, சரவாக்கோடு ஒரே நேரம் வேண்டும் என்று தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்தார்கள். சூரியன் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பிப்ரவரித் தொடக்கத்தில் கோலாலம்பூரில் விடிவதற்கு ஏறக்குறைய 7.25 ஆகிவிடும், மே மாதக் கடைசியில் 7 மணியை ஒட்டி விடியும். உங்களைப் போன்றவர்கள் 7.20-க்குப் பாதையில் இறங்கினால் போதும். முன்பே வருவதென்றால் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, இருவர் சைக்கிளிலும் கட்டாயம் இருக்க வேண்டும்.

இனி சைக்கிள். உடனே புதிதாக வாங்காதீர்கள். உறவினரிடமோ அண்டை வீட்டிலோ ஒன்றை இரவல் வாங்குங்கள். அகன்ற டயர், நேரான ஹேண்டில்பார், ஏறி இறங்க வசதியாகத் தாழ்ந்த சட்டம் இருந்தால் நல்லது. வீட்டருகே காலியான கார் நிறுத்துமிடம் ஒன்றைப் பாருங்கள். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படியும்வரை இருக்கையைத் தாழ்த்துங்கள். பெடலை மறந்துவிடுங்கள். உட்கார்ந்தபடியே இரு கால்களாலும் தரையை உந்தி உந்திப் போங்கள். பத்து நிமிடத்தில், ஒவ்வொரு உந்தலுக்கும் இடையில் கால்கள் தாமாகவே தரையை விட்டு எழும்பத் தொடங்கும். அப்பாவின் சைக்கிளில் கற்றது திரும்பி வருகிற நேரம் அது. என்னிடம் வந்த ஓர் அம்மா முதல் பத்து நிமிடம் ஹேண்டில்பாரைப் பிடித்த பிடியில் விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. "சக்கரத்தைப் பார்க்காதீர்கள், அதோ அந்த மரத்தைப் பாருங்கள்" என்றேன். மரத்தைப் பார்த்தார், விரல்கள் தளர்ந்தன, சைக்கிள் நேராகப் போனது. பார்வை 10 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும்.

சமநிலை வந்த பிறகு இருக்கையை உயர்த்துங்கள். பெடலை அடிமட்டத்தில் வைத்துக் குதிகாலை அதன்மேல் ஊன்றினால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடிந்திருக்கும். முழங்கால் வலிக்கிறது என்று வருகிறவர்களில் பாதிப்பேர் இருக்கையை மிகத் தாழ்வாக வைத்திருப்பவர்கள். எந்தப் பிடி முன்பிரேக், எது பின்பிரேக் என்று தள்ளிக்கொண்டே சோதியுங்கள். சைக்கிளுக்குச் சைக்கிள் மாறும். இரண்டையும் சேர்த்து, மெதுவாகப் பிடிப்பதே பழக்கமாக வேண்டும். மகனுக்கும் இதையே சொல்லிக்கொடுங்கள். நான் போடும் கோட்டில் நிற்கத் தெரிந்த பிறகுதான் எந்தப் பிள்ளையையும் சாலைக்கு அழைத்துப் போவேன்.

சர்க்கரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இது உங்கள் ஒருவர் பிரச்சினை அல்ல. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டு இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. எல்லா இனத்தவரையும் சேர்த்தால் 18.3 விழுக்காடு. நம் குடும்பங்களில் மூவரில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம். மிதிப்பது அதற்கு நல்ல மருந்து. உழைக்கும் தசை இரத்தத்திலிருக்கும் சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. அதனாலேயே கவனமும் வேண்டும். நீங்கள் சாப்பிடுவது மெட்போர்மின் மட்டும் என்றால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கும் ஆபத்து குறைவு. கிளிக்கிளசைட் போன்ற மாத்திரையோ இன்சுலினோ சேர்ந்திருந்தால், வெறும் வயிற்றில் காலையில் மிதிப்பது தலைசுற்றலில் கொண்டுபோய் விடலாம். கிளினிக்குக்கு அடுத்த முறை போகும்போது மாத்திரைச் சீட்டைக் காட்டி, "ஞாயிறு காலை ஒரு மணி நேரம் சைக்கிள் ஓட்டப் போகிறேன், மாத்திரையை எப்போது போட்டுக்கொள்வது?" என்று கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழமோ இரண்டு துண்டு ரொட்டியோ சாப்பிடுங்கள். வீட்டில் கருவி இருந்தால் சோதித்துப் பாருங்கள். 5-க்குக் கீழே (mmol/L கணக்கில்) காட்டினால் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். வழியில் கை நடுக்கம், திடீர் வியர்வை, கண் மங்கல், காரணமில்லாத எரிச்சல் எதுவந்தாலும் உடனே இறங்கி ஓரமாக உட்காருங்கள். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைச் சிறு போத்தல் நீரில் கரைத்துக் கையோடு வைத்திருங்கள். குடித்துவிட்டு 15 நிமிடம் காத்திருந்து மறுபடி சோதியுங்கள். 4-க்கு மேல் ஏறாவிட்டால் இன்னொரு முறை குடிக்க வேண்டும். அந்தப் போத்தல் எதற்கு, எந்தப் பையில் இருக்கிறது என்பது உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நெஞ்சில் அழுத்தம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல் வந்தால் அன்றைய சவாரி முடிந்தது, மருத்துவமனைக்குப் போங்கள். சர்க்கரை சில நேரம் மதியத்துக்கு மேலும் இறங்கும் என்பதால் பகல் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். வீடு திரும்பியதும் பாதங்களில் கொப்புளம் இருக்கிறதா என்று பார்ப்பதும் உங்களுக்கு அவசியம். சிலிப்பர் வேண்டாம், மூடிய காலணி போடுங்கள்.

சுடிதார் அணிவதென்றால் துப்பட்டாவை வீட்டில் விட்டுவிடுங்கள். அது சக்கரத்தில் சிக்கினால் கழுத்தை இழுத்துவிடும். வலது கால்சட்டையின் நுனியை ரப்பர் பட்டையால் கட்டினால் செயினில் மாட்டாது. தலைக்கவசம் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் உட்கார வேண்டும்; பின்னால் சரிந்த கவசம் நெற்றியைக் காக்காது. புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டியிருந்தால் அன்று போகவே வேண்டாம்.

காரில்லாத சாலையில் இடிபடுவது யாரோடு என்கிறீர்களா? மனிதர்களோடுதான். தள்ளுவண்டியில் குழந்தையைத் தள்ளுகிறவர், கையில் கயிற்றோடு நாயை நடத்துகிறவர், காதில் பாட்டோடு ஓடுகிறவர், நடுவில் நின்று படம் எடுக்கிற குடும்பம் எல்லாரும் அங்கே உண்டு. மெதுவாகப் போகிறவர் இடப்பக்கம், முந்துகிறவர் வலப்பக்கம். முந்துவதற்கு முன் மணியடியுங்கள். வேகமாக வருகிறவர்கள் பின்னாலிருந்து "கானான்" (மலாயில் 'வலது') என்று குரல் கொடுத்தால் திரும்பிப் பார்க்காமல் இடப்பக்கமாகவே நேராகப் போங்கள். திரும்பிப் பார்த்தால் சைக்கிளும் சேர்ந்து திரும்பும். நிற்க நினைத்தால் முதலில் ஓரம் கட்டுங்கள், பிறகு இறங்குங்கள். சுற்றை முழுதாக முடிக்க வேண்டும் என்ற கணக்கும் வேண்டாம். முதல் சவாரிக்கு 3 கிலோமீட்டர் நிறையவே போதும். மகனோடு பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். பேச்சு தடைப்பட்டால் கியரைக் குறையுங்கள்.

9 மணியை மறந்துவிடாதீர்கள். தடுப்புகளை எடுத்த சில நிமிடங்களில் கார்கள் வந்துவிடும், காத்திருந்த ஓட்டுநர்களுக்குப் பொறுமையும் இருக்காது. 8.40-க்கே திரும்பிவிடுங்கள். பாதியில் மாட்டிக்கொண்டால் இறங்கி நடைபாதையில் தள்ளிக்கொண்டு வாருங்கள். செந்தூலிலிருந்து ஓட்டிக்கொண்டே வருகிற யோசனையும் இப்போதைக்கு வேண்டாம். அந்தச் சாலைகளை யாரும் அடைத்துவைக்கவில்லை. மடக்கும் சைக்கிள் என்றால் மடித்து எல்ஆர்டியில் கொண்டுவரலாம். சாதாரண சைக்கிளைக் காரில் ஏற்றித்தான் வர வேண்டும். தடுப்புகள் வைப்பதற்கு முன்பே, 6.45-க்குள், அடைக்கும் பாதைக்கு வெளியே காரை நிறுத்திவிடுங்கள்.

கடைசியாகக் கேட்டது: மகன்தான் முன்னால் போக வேண்டும். நீங்கள் முன்னால் போனால் அவனைப் பார்க்க அடிக்கடி திரும்புவீர்கள், திரும்பும்போதெல்லாம் தடுமாறுவீர்கள். அவனை இடப்பக்கம் விட்டு, ஒரு சைக்கிள் நீளம் பின்னால், கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி வாருங்கள். வேகமாக வருகிறவர்களுக்கும் அவனுக்கும் நடுவில் நீங்கள் இருப்பீர்கள். ஒரு மணியோசைக்கு 'மெதுவாகப் போ', இரண்டுக்கு 'ஓரம் கட்டி நில்' என்று வீட்டிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். கார் நிறுத்துமிடத்தில் பழகும்போதே இதையும் சேர்த்துப் பழகிவிடலாம்.