அப்பாவின் அம்பாசடர்: முதலில் ஆர்.சி., அப்புறம் பெயிண்ட்

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். அப்பா 1983-ல் வாங்கிய அம்பாசடர், அவர் காலமான பிறகு ஒன்பது வருடமாக மாட்டுக்கொட்டகையில் நிற்கிறது. அதில் ஒரு தடவையாவது வைத்தீஸ்வரன்கோயில் போய்வர வேண்டும் என்கிறார் அம்மா. ஆர்.சி. (பதிவுச் சான்று) அப்பா பெயரில், 2018-லேயே காலாவதி. 'விண்டேஜ் என்று பதிந்துவிடலாம், எல்லாம் சேர்த்து 45,000' என்கிறார் ஒரு புரோக்கர். பட்டறையில் பெயிண்டோடு மூன்றரை லட்சம் கேட்கிறார்கள். எதை முதலில் செய்வது?

பதில்: ஆர்.சி.யை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அதுவரை பட்டறைக்கு முன்பணம் வேண்டாம்.

அந்தப் புரோக்கர் சீக்கிரமே இன்னொன்றும் சொல்வார்: "29, 30 ஃபாரத்துல அப்பா கையெழுத்தை நீங்களே போட்டுடுங்க, பழைய தேதி போட்டுக்கலாம்." அவை வண்டி விற்கும்போது நிரப்புகிற படிவங்கள். இறந்தவர் எப்படி விற்பார்? அது போலிக் கையெழுத்து, மாட்டுவது நீங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படிப் போட்டுக் கொடுத்தார். பிறகு அண்ணன் தம்பி நிலத் தகராறில் அந்த ஃபாரத்தின் நகல்தான் முதலில் வெளியே வந்தது. வாரிசுக்கு உரியது 31-ஆம் படிவம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அம்மாவும் உடன்பிறந்தவர்களும் எழுதித் தரும் சம்மதம் ஆகியவற்றோடு கொடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டியது. தாமதத்துக்கு அபராதம் கட்டிக்கொள்ளலாம்.

வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று சான்றுக்கு ஒரு சுற்று. அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீசில், "புத்தக ஆர்.சி. சிஸ்டத்தில் ஏறவில்லையே" என்பார்கள். கையால் எழுதிக் கொடுத்தது அவர்கள்; ஏற்றுவதற்கு அலைவது நாம். இந்த அலைச்சலில்தான் புரோக்கர் சாப்பிடுகிறார்.

சொந்தக் காருக்குப் பதிவு 15 வருடம், பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். பழைய வண்டியைப் பிடித்துக்கொள்வார்கள் என்பதெல்லாம் டெல்லியில், நம் ஊரில் இல்லை. கட்டணம்தான் வலிக்கும்: 600 ரூபாயாக இருந்ததை 2022-ல் 5,000 ஆக்கி, 2025-ல் 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி, தாமதக் கட்டணம் தனி. ஒவ்வொன்றுக்கும் உங்கள் பெயரில் ரசீது வேண்டும்.

விண்டேஜ் விஷயத்தைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை வைத்து நிறையப் பேரை ஏமாற்றுகிறார்கள். 2021 விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் ஆகியிருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு அது 2033-ல்தான். சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. கட்டணம் 20,000, பதிவு பத்து வருடத்துக்கு. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, இவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். அன்றாடம் ஓட்ட முடியாது. அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போவதற்கு அது உதவவே உதவாது. 2033 வந்தாலும் உதவாது.

இனி வண்டி. ஆசையில் பேட்டரி மாட்டி ஸ்டார்ட் பண்ணிவிடாதீர்கள். நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஓட்டைக்கு ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, இரண்டு நாள் கழித்து, முன்னால் செருகிச் சுற்றும் ஸ்டார்ட்டிங் ஹேண்டிலால் இன்ஜினை மெல்லச் சுற்றிப் பாருங்கள். டேங்கில் கிடக்கும் பெட்ரோலை இறக்கிவிடுங்கள். இப்போது வருவது எத்தனால் கலந்தது, பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும், எல்லாவற்றையும் மாற்றுங்கள். வைக்கோல் பக்கத்தில் நின்ற வண்டி, எலி ஒயரிங்கை விட்டுவைத்திருக்காது.

மாட்டு மூத்திர ஈரத்தில் அடித்தளம் கண்டிப்பாகத் துருப்பிடித்திருக்கும். பட்டறைக்காரர் ஓட்டையில் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவின் கீழ்ப்பக்கம் வையுங்கள். பிடிக்காமல் வழுக்கினால் அங்கே தகடு இல்லை, பட்டிதான். அதனால் டிங்கரிங் முடிந்ததும், பெயிண்டுக்கு முன் நீங்களே போய்ப் பாருங்கள். சேசிஸ் நம்பர் உள்ள தகட்டை வெட்ட விடாதீர்கள். அது போனால், பதிவைப் புதுப்பிக்க வண்டியைப் பார்க்கும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஆய்வாளர் முன் நிற்க முடியாது. நிறமும் ஆர்.சி.யில் இருப்பதாகவே இருக்கட்டும்.

பிரேக்கில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ் எல்லாம் புதிது. பதிவும் இன்ஷூரன்ஸும் கைக்கு வந்த பிறகு, முதல் ஓட்டம் நீடாமங்கலம் வரை, நீங்கள் தனியாக. அம்மா அடுத்த தடவை ஏறட்டும்.