வெட்டுக் காசு கையில் வரும்போது புதுச் சாமானை நிறுத்தலாமா?

கேள்வி: கிளிநொச்சி வட்டக்கச்சியில் இருக்கிறோம். கணவருக்கு வயல், நான் முன்பள்ளி ஆசிரியை. காலபோக நெல் வெட்டு முடிந்து காசு வந்தால் இரண்டு மாதத்தில் எங்கே போனதென்றே தெரிவதில்லை. இந்த முறை ஆறு மாதத்துக்குப் புதிதாக ஒன்றும் வாங்குவதில்லை என்று யோசிக்கிறேன். கணவர் தவணைக்கு ஃபிரிஜ் எடுப்போம் என்கிறார். மாமிக்கு அலுமாரி வேண்டும். "எல்லாத்தையும் விட்டிட்டு ஓடின ஆக்கள் நாங்கள், இனியும் இல்லாமலே இருக்கிறதோ?" என்று கேட்கிறா. எப்படித் தொடங்குவது?

பதில்: தொடங்கலாம் தங்கச்சி, நல்ல நேரமும் இதுதான். மாசி, பங்குனியில் வெட்டு. அடுத்த காலபோக விதைப்பு புரட்டாசி, ஐப்பசியில். இடையில் குளத்துத் தண்ணீரில் செய்யும் சிறுபோகம் கிடைக்குமா, எத்தனை ஏக்கர் கிடைக்கும் என்பதெல்லாம் இரணைமடுக் குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பொறுத்தது. அதனால் நீங்கள் சொல்லும் ஆறு மாதம் வயலோடு நன்றாகவே பொருந்துகிறது. மாதச் சம்பளக்காரருக்கு எழுதிய சிக்கன ஆலோசனைகள் நமக்குச் சரிவராததற்கும் இதுதான் காரணம். அவர்களுக்கு மாதாமாதம் கொஞ்சம் வரும். நமக்கு ஒரேயடியாக வந்து, பிறகு நீண்ட காலம் வராது. நெல் வீதியில் காயும்போதே விற்பனைக்காரர் படலையடிக்கு வந்துவிடுவது சும்மா இல்லை.

எதை நிறுத்துவது? சவர்க்காரத்தையும் கொப்பியையும் நிறுத்தப் போனால் மூன்றாம் கிழமையே வீட்டில் சண்டை வரும், மிச்சமும் பெரிதாக இராது. பாடநூலும் சீருடைத் துணியும் அரசாங்கப் பாடசாலையில் இலவசம்தான், ஆனால் கொப்பியும் சப்பாத்தும் பிள்ளைக்குத் தேவைப்படும்போது வாங்கத்தான் வேண்டும். விதைநெல், பசளை, தண்ணீர்ப் பம்பியின் உதிரிப்பாகம் எல்லாம் தொழில் செலவு, அவற்றையும் விட்டுவிடுங்கள். நிறுத்த வேண்டியது ஒன்றே ஒன்று என்றால், புதுத் தவணைக்குக் கையெழுத்து வைப்பதைத்தான் சொல்வேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபிரிஜின் கைக்காசு விலை 1,20,000 ரூபாய் என்று வைப்போம். முதலில் 20,000 கட்டி, மாதம் 6,500 வீதம் 24 மாதம் என்றால் தவணை மட்டும் 1,56,000. மொத்தம் 1,76,000. அதாவது 1,00,000 ரூபாய் கடனுக்கு 56,000 கூடுதலாகப் போகிறது. கடைக்காரர் "மாதம் 6,500தானே" என்பார், மொத்தத்தைச் சொல்லமாட்டார். நீங்களே கேட்டு, எழுதித்தரச் சொல்லுங்கள். அதோடு இந்த 24 மாதத்தில் இரண்டு விதைப்பு வரும். விதைப்பு நேரம் தவணையும் உழவுக்கூலியும் சேர்ந்து நெருக்கும்போதுதான் நகை அடைவுக்கு, அதாவது அடகுக்குப் போகிறது, அல்லது ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுபடுகிறது. 2009இல் போர் முடிந்த பிறகு வன்னிக்கு வந்த லீசிங், நுண்கடன் கம்பனிகளால் எத்தனை பெண்கள் இப்படிச் சுற்றிச் சுற்றி மாட்டினார்கள் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசாங்கமே அறிவிக்கும் அளவுக்கு நிலைமை இருந்தது.

ஆகவே வெட்டுக் காசு வந்ததும் முதலில் அடைவில் இருக்கும் நகையை மீட்டுவிடுங்கள், வட்டி ஓடுவது நிற்கும். அடுத்த விதைப்புக்கான தொகையை வேறு கணக்கில், முடிந்தால் ஊர் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தில் போடுங்கள். விதைநெல் மூட்டையை யாரும் குத்திச் சோறாக்குவதில்லை அல்லவா, அந்தக் காசையும் அப்படியே வையுங்கள். மிச்சத்தில்தான் ஆறு மாதச் சீவியம்.

மாமியின் விஷயத்தில் நான் அவ பக்கம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கெரித்தார்கள், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். பிறகு உடுத்த உடுப்போடு முகாமுக்குப் போய், திரும்பி வந்து தறப்பாளுக்குள் இருந்தார்கள். அப்படிப்பட்டவரிடம் போய்ச் சிக்கனம் பேசுவது எனக்குக் கொஞ்சம் கூச்சமான வேலை. அலுமாரியை விதிவிலக்கென்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊர்த் தச்சரிடம், கைக்காசுக்குச் செய்வித்துக் கொடுங்கள். மாமி உங்கள் பக்கம் நின்றால் கணவரிடம் ஃபிரிஜ் கதையைத் தள்ளிப்போடச் சொல்வதும் சுலபம்.

முகநூல் நேரலையில் உடுப்பு விற்பவர்கள் இன்னொரு பொறி. சாமான் வீட்டுக்கு வந்த பிறகு காசு என்பதால் வாங்கின மாதிரியே தெரியாது. அந்தப் பக்கங்களை ஆறு மாதத்துக்குப் பின்தொடராமல் விடுங்கள். வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்குப் போகும்போது பிள்ளைகளுக்கு ஒரு தொகையைக் கையில் கொடுத்துவிடுங்கள், அதற்குள் என்ன வாங்கினாலும் கேட்காதீர்கள். சாமத்திய வீடு, கலியாணத்துக்கு என்வலப் கொடுப்பதை நிறுத்தச் சொல்லமாட்டேன். ஒவ்வொன்றுக்கும் புதுச்சேலை எடுப்பதை நிறுத்தலாம், சகோதரிகளுக்குள் மாற்றி உடுத்தலாம். வெளிநாட்டில் இருந்து உறவுகள் "என்ன அனுப்ப?" என்று கேட்டால் வெட்கப்படாமல் அடைவுத் துண்டைச் சொல்லுங்கள்.

பழையது வாங்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். தளபாடம், சைக்கிள், தையல் மெசின் எல்லாம் தாராளமாக வாங்கலாம். ஹெல்மெட்டும் காஸ் ரெகுலேட்டரும் குழாயும் மட்டும் புதிதாகவே இருக்கட்டும். பழைய மோட்டார் சைக்கிள் என்றால் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே ஒரு லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், விற்பவர் கடனை முடித்து அந்தப் பெயரை நீக்கித் தரும்வரை ஒரு ரூபாயும் கொடுக்கவேண்டாம்.